குழியை ஏன் மூடுகிறார்கள்? தொல்லியல் தலங்கள் பற்றி வாசகர் கேள்விகள்

அகழாய்வு இடங்களுக்கும் பழைய நினைவுச்சின்னங்களுக்கும் சென்று திரும்பிய வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் விடையளிக்கிறோம்.

எங்கள் பள்ளி மாணவர்களைக் கீழடிக்கு அழைத்துச் சென்றோம். அருங்காட்சியகம் அனைவருக்கும் பிடித்திருந்தது. ஆனால் தோண்டிய இடத்தைக் காட்டுங்கள் என்று பிள்ளைகள் கேட்டபோது, பெரும்பாலான குழிகளை மூடிவிட்டதாகச் சொன்னார்கள். இவ்வளவு பாடுபட்டுத் தோண்டியதை மறுபடியும் ஏன் மூட வேண்டும்?
– ஓர் ஆசிரியை, மானாமதுரை

பிள்ளைகளின் ஏமாற்றம் நியாயமானது. ஆனாலும் அந்தக் குழிகளை மூடியது அலட்சியத்தால் அன்று. மண்ணுக்குள் இருக்கும்வரை ஒரு செங்கல் சுவருக்கு ஈரமும் வெப்பமும் ஏறக்குறைய மாறாமல் இருக்கின்றன. அதனால்தான் அது இருபது நூற்றாண்டுகளுக்கு மேல் கலையாமல் கிடக்கிறது. திறந்துவிட்டால் ஐப்பசி மழையில் ஊறி, சித்திரை வெயிலில் காய்ந்து, செங்கல்லுக்குள் கரைந்திருக்கும் உப்பு மேற்பரப்புக்கு வந்து படிகமாக உறையும். உறையும்போது கல்லின் முகத்தை உள்ளிருந்து தள்ளி, செதில் செதிலாக உரித்துவிடும். 1920-களில் தோண்டப்பட்டுத் திறந்தே கிடக்கும் மொகஞ்சதாரோவின் சுவர்கள் இப்படித்தான் உப்பால் அரிக்கப்பட்டு வருகின்றன. 2022 ஆகஸ்டில் பெய்த பெருமழை அவற்றுக்கு மேலும் சேதம் விளைவித்தது.

ஆகவே ஆய்வு முடிந்து, அளந்து, வரைந்து, படமெடுத்த பிறகு குழியை முறைப்படி மூடுவது உலகெங்கும் உள்ள வழக்கம். அப்படி மூடுவதிலும் ஒரு நுட்பம் உண்டு. கட்டுமானத்தின் மேல் நெகிழித்தாளோ துணிவிரிப்போ பரப்பி, சலித்த மணலை நிரப்பி, அதன் பிறகே மண்ணைக் கொட்ட வேண்டும். பின்னாளில் மீண்டும் தோண்டுபவருக்கு ‘இதுவரை பார்த்தாகிவிட்டது’ என்று அந்த விரிப்பு சொல்லும். சலிக்காத மண்ணைக் கொட்டினால் என்ன ஆகும் என்பதற்குத் தான்சானியாவின் லேட்டோலி சான்று. அங்கே 36 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய மனித மூதாதையரின் காலடித் தடங்களை 1979-இல் மண்ணிட்டு மூடினார்கள். அந்த மண்ணில் கலந்திருந்த விதைகளிலிருந்து வேல மரங்கள் முளைத்து, வேர்கள் தடங்களை நோக்கி இறங்கத் தொடங்கிவிட்டன. 1990-களில் மீண்டும் தோண்டி, வேர்களை ஒவ்வொன்றாக அறுத்தெடுத்து, வேர் புகாத விரிப்புகளுடன் மறுபடியும் மூடும்படி ஆயிற்று.

கீழடியில் இன்னொரு காரணமும் இருக்கிறது. ஆய்வு நடந்த இடங்களில் பெரும்பகுதி தனியாருக்குச் சொந்தமான தென்னந்தோப்பு. நில உரிமையாளர்களின் இசைவோடு தோண்டிய குழியை மூடி, நிலத்தை அவர்களிடம் திருப்பிக் கொடுப்பது கடமையும்கூட.

எல்லாவற்றையும் மூடிவிட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ஒன்றிரண்டு குழிகளையாவது கூரையிட்டு, வடிகால் அமைத்துக் காட்சிக்கு வைக்கத்தான் வேண்டும். 2020 மத்திய வரவுசெலவுத் திட்டத்தில் தள அருங்காட்சியகம் அமைக்கத் தேர்வான ஐந்து இடங்களில் ஆதிச்சநல்லூரும் ஒன்று. 2023 ஆகஸ்டில் அங்கே திறக்கப்பட்ட தளக் காட்சிக்கூடத்தில், கண்ணாடித் தரையின் மேல் நின்று, காலடியில் முதுமக்கள் தாழிகள் புதைந்த இடத்திலேயே கிடப்பதைக் காணலாம். கீழடியிலும் திறந்தவெளி அருங்காட்சியகம் ஒன்றை அமைக்க மாநில அரசு முனைந்துள்ளது. அது முடியும்வரை உங்கள் மாணவர்களுக்கு ஒரு வேலை கொடுங்கள். கீழடியில் பொ.ஆ.மு. (கி.மு.) 580 என்ற காலக்கணிப்புக்கு உதவிய மாதிரி கிடைத்த ஆழம் 353 சென்டிமீட்டர். பள்ளிச் சுவரில் அந்த உயரத்தை அளந்து ஒரு கோடு போட்டு, அதன் அருகே நிற்கச் சொல்லுங்கள். குழியின் விளிம்பில் நின்று எட்டிப் பார்ப்பதைவிட அதிகம் புரியும்.

குடும்பத்தோடு ஒரு பழைய கோட்டைக்குப் போயிருந்தோம். கழிப்பறை இல்லை. கேட்டதற்கு, ‘நினைவுச்சின்னத்தைச் சுற்றி நூறு மீட்டருக்கு எதுவும் கட்டக்கூடாது என்பது சட்டம், நாங்கள் என்ன செய்வது?’ என்றார் அங்கிருந்த பணியாளர். உண்மையிலேயே சட்டம் அப்படித்தான் சொல்கிறதா?
– ஓய்வுபெற்ற அரசு ஊழியர், வந்தவாசி

சட்டத்தின் முதல் பாதியை அவர் சரியாகவே சொல்லியிருக்கிறார். 1958-ஆம் ஆண்டின் தொல்லியல் சின்னங்கள் சட்டத்துக்கு 2010-இல் கொண்டுவரப்பட்ட திருத்தத்தின்படி, மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடைசெய்யப்பட்ட பகுதி. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்டக்கூடிய பகுதி.

மறுபாதியைத்தான் பலரும் படிப்பதில்லை. அதே திருத்தம் ‘கட்டுமானம்’ என்றால் என்ன என்று வரையறுக்கும்போது சிலவற்றை விலக்கியிருக்கிறது: பொதுக் கழிப்பறைகள், சிறுநீர்க் கூடங்கள், வடிகால்கள் ஆகியவற்றைக் கட்டுவதும் பராமரிப்பதும், பொதுமக்களுக்கான குடிநீர், மின்சார ஏற்பாடுகளும் அந்த வரையறைக்குள் வாரா. அதாவது, நூறு மீட்டர் விதி தங்கும் விடுதிக்கும் வணிக வளாகத்துக்கும் தடை; பொதுக் கழிப்பறைக்குத் தடை அன்று. சின்னத்தின் வளாகத்துக்குள்ளேயே கட்டுவதானால் தொல்லியல் துறையின் அனுமதி வேண்டும். அங்கே கழிவுத்தொட்டிக்காகத் தோண்டும் குழி புதையுண்ட ஒரு சுவரை உடைத்துவிடக்கூடும் என்பதும் மெய்யான அச்சம். அதற்கும் தோண்டாமல் தரைமேல் வைக்கும் உயிரிக்கழிப்பறை போன்ற வழிகள் இருக்கின்றன. தமிழ்நாடு அரசின் பாதுகாப்பில் உள்ள சின்னங்களுக்கு 1966-ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம் தனியே இருக்கிறது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். எந்தச் சின்னம் யாருடையது என்று தெரியாமலே பல மனுக்கள் தவறான மேசைக்குப் போய்ச் சேர்கின்றன.

கழிப்பறை என்றால் பலர் அதைச் சில்லறை விஷயமாக நினைக்கிறார்கள். கல்விச் சுற்றுலா வரும் பெண் பிள்ளைகள் பேருந்தில் ஏறியதிலிருந்தே தண்ணீர் குடிப்பதைத் தவிர்ப்பதை எந்த ஆசிரியையிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். மே மாத வெயிலில் பாறைமேல் அப்படி நடக்கும் குழந்தைக்கு எந்தச் சோழனும் எந்தப் பல்லவனும் மனத்தில் பதியமாட்டான். கழிப்பறை இல்லாத இடத்தில் மக்கள் ஒதுங்கத் தேடுவதும் அந்தப் பழைய மதில்களின் மறைவைத்தான். ஆகவே அந்த வசதி பார்வையாளருக்கு மட்டுமன்றிச் சின்னத்துக்கும் காவல். அடுத்த முறை எவரேனும் நூறு மீட்டர் கணக்குச் சொல்லிக் கைவிரித்தால், மேற்படி விலக்கைச் சுட்டிக்காட்டி எழுத்தில் விளக்கம் கேளுங்கள்.

இலங்கையிலிருந்து மாமல்லபுரம் வரும் எங்களுக்கு வெளிநாட்டார் கட்டணமா, உள்நாட்டார் கட்டணமா? வசூலாகும் பணம் அந்தச் சின்னத்துக்கே செலவாகிறதா?
– வாசகர், யாழ்ப்பாணம்

உங்களுக்கு இந்தியர்க்குரிய கட்டணமே. தெற்காசிய, வங்கக் கடல் பகுதி நாடுகளின் கூட்டமைப்புகளான சார்க், பிம்ஸ்டெக் நாடுகளின் குடிமக்கள் அனைவருக்கும் இந்தச் சலுகை உண்டு; கடவுச்சீட்டைக் கையில் வைத்திருங்கள். 2018 ஆகஸ்டு திருத்தத்தின்படி மாமல்லபுரம் போன்ற முதல்நிலைத் தலங்களில் இந்தியர்க்கு 40 ரூபாய், மற்ற வெளிநாட்டார்க்கு 600 ரூபாய். பணமில்லாப் பரிவர்த்தனையில் முறையே 5 ரூபாயும் 50 ரூபாயும் குறையும். 15 வயதுக்குட்பட்டோர்க்குக் கட்டணம் இல்லை. மலேசியா, சிங்கப்பூர் வாசகர்கள் கவனிக்க: வெளிநாடு வாழ் இந்தியக் குடியுரிமை அட்டை, அதாவது ஓசிஐ அட்டை வைத்திருப்பவர்களுக்கும் உள்நாட்டுக் கட்டணமே.

இரண்டாவது கேள்விக்கு விடை, நேரடியாக இல்லை என்பதே. இந்தியத் தொல்லியல் துறை வசூலிக்கும் நுழைவுக் கட்டணம் மத்திய அரசின் தொகுப்பு நிதிக்குப் போய்ச் சேர்கிறது. துறைக்கு வேண்டிய பணம் ஆண்டுதோறும் வரவுசெலவுத் திட்டத்தின் வழியே தனியாக ஒதுக்கப்படுகிறது. இதில் ஒரு நியாயமும் உண்டு. துறையின் பொறுப்பில் உள்ள ஏறத்தாழ 3,700 சின்னங்களில் கட்டணம் வாங்கப்படுவது 150-க்கும் குறைவான இடங்களில்தான். தாஜ்மகாலின் வருமானம் தாஜ்மகாலுக்கே என்றால், ஒரு பைசா வருமானமில்லாத குடைவரைக்கு யார் செலவு செய்வது? உங்கள் நாட்டில் 1980-இல் தனிச் சட்டத்தால் அமைக்கப்பட்ட மத்திய கலாசார நிதியம், சிகிரியா, பொலன்னறுவை போன்ற தலங்களின் கட்டணத்தைப் பாதுகாப்புப் பணிக்கே பயன்படுத்தும் நோக்கத்தோடு தொடங்கப்பட்டது. கம்போடியாவின் அங்கோரில் ஒவ்வொரு நுழைவுச் சீட்டிலிருந்தும் 2 டாலர் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றுக்குப் போகிறது. சீட்டு வாங்குபவருக்கும் அது தெரிகிறது.

அந்தத் தெரிதல்தான் இங்கே இல்லை. கடற்கரைக் கோயிலின் கல்லை உப்புக்காற்று அரிப்பதைத் தடுக்க, காகிதக் கூழை நல்ல நீரில் ஊறவைத்துச் சிற்பத்தின்மேல் அப்பிக் காயவிடுவார்கள். கூழ் காயக் காயக் கல்லுக்குள் இருக்கும் உப்பை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு உரித்தெடுத்துவிட்டு மறுபடியும் புதிய கூழை அப்புவார்கள். பொறுமையான, முடிவில்லாத வேலை. ‘உங்கள் நாற்பது ரூபாய் இதற்கும்தான்’ என்று நுழைவாயிலில் ஒரு பலகை வைத்து, ஆண்டுக்கு எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவானது என்று எழுதிப்போட்டால், கட்டணம் பற்றிய முணுமுணுப்பில் பாதி குறைந்துவிடும்.

ஓவியங்கள் உள்ள பழைய குகைகளில் ஒரே நேரத்தில் சிலரை மட்டும் உள்ளே விடுகிறார்கள்; சற்று நேரம் நின்று பார்ப்பதற்குள் கிளம்பச் சொல்கிறார்கள். மக்கள் வரிப்பணத்தில் காக்கப்படுவதை மக்களே பார்க்க முடியாவிட்டால் எதற்காகக் காக்க வேண்டும்?
– கல்லூரி மாணவர், புதுக்கோட்டை

இந்தக் கேள்விக்குப் பிரான்ஸ் நாட்டு லாஸ்கோ குகை ஏற்கெனவே விலை கொடுத்துவிட்டது. ஏறத்தாழ 17,000 ஆண்டுகள் பழமையான விலங்கு ஓவியங்கள் உள்ள அந்தக் குகையை 1940-இல் சில இளைஞர்கள் கண்டுபிடித்தார்கள். 1948-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். 1955 வாக்கில் நாளொன்றுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். அவர்கள் எவரும் ஓவியத்தைத் தொடவில்லை, கிறுக்கவில்லை. மூச்சு விட்டார்கள், அவ்வளவுதான். மூச்சுக்காற்றின் கரியமில வாயுவும் ஈரமும் உடற்சூடும் சேர்ந்து சுவரில் சுண்ணப் படலத்தை உண்டாக்கின. விளக்கொளியில் பச்சைப் பாசி படர்ந்தது. 1963-இல் குகையை மூடிவிட்டார்கள். அதன் பிறகு, அசலின் அருகிலேயே அச்சு அசலான நகல் குகை ஒன்றை 1983-இல் திறந்தார்கள். அதைவிட முழுமையான நகல் 2016-இல் திறக்கப்பட்டது. இன்று லாஸ்கோவுக்குச் செல்பவர்கள் காண்பது நகலையே.

உங்கள் மாவட்டத்துச் சித்தன்னவாசலை எண்ணிப் பாருங்கள். அங்குள்ள சமணக் குடைவரையான அறிவர் கோயிலின் விதானத்தில் தாமரைக் குளமும், அதில் மீன்களும் யானைகளும் எருமைகளும், பூப்பறிக்கும் துறவியரும் தீட்டப்பட்டிருக்கின்றனர். ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்தச் சாயங்களில் எஞ்சியிருப்பது கொஞ்சம். அந்தச் சிறிய குடைவரைக்குள் ஒரு பேருந்துக் கூட்டம் ஒன்றாக நுழைந்தால் உள்ளே ஈரம் எவ்வளவு ஏறும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அஜந்தாவில் இதற்காகவே வண்டிகளை நான்கு கிலோமீட்டருக்கு அப்பால் நிறுத்திவிட்டு, அங்கிருந்து தனிப் பேருந்தில் வரச் செய்கிறார்கள். ஓவியக் குகைகளில் ஒளிவீச்சுடன் படம் எடுக்கவும் தடை.

ஆனால் உங்கள் கேள்வியின் பின்பாதியில் ஓர் உண்மை இருக்கிறது. பார்க்கவிடாமல் தடுப்பவர் அதற்கு ஈடாக எதையாவது கொடுத்தாக வேண்டும். அஜந்தாவில் ஜப்பானியக் கடனுதவியோடு, முக்கியமான நான்கு குகைகளின் நகல்களுடன் பார்வையாளர் மையம் ஒன்றைக் கட்டினார்கள். நல்ல யோசனைதான், ஆனால் சில ஆண்டுகளில் மின்கட்டணமும் தண்ணீர்க் கட்டணமும் பாக்கி விழுந்து அந்த மையம் பூட்டிக் கிடந்தது. நம் நாட்டில் கட்டடத்துக்குப் பணம் கிடைத்துவிடும், திறப்பு விழாவுக்கும் கிடைத்துவிடும். அதை ஆண்டு முழுவதும் நடத்துவதற்குத்தான் நிதி ஒதுக்கீட்டில் தலைப்பு இருக்காது. சித்தன்னவாசலின் அடிவாரத்தில் விதான ஓவியத்தின் முழு அளவு நகல் ஒன்றும், அதை விளக்க ஒருவரும் இருந்தால், உள்ளே கிடைக்கும் சில நிமிடங்களில் எதைத் தேடிப் பார்ப்பது என்று தெரிந்துகொண்டு நுழையலாம். இதற்குக் கோடிகள் தேவைப்படா.

என் தந்தை சக்கர நாற்காலியில் இருப்பவர். பழைய இடங்களில் சாய்தளம் அமைத்தால் பழமை கெட்டுவிடும் என்கிறார்களே, சரியா?
– வாசகி, கோயம்புத்தூர்

சரியன்று. அமைக்கும் விதத்தைப் பொறுத்தது. பாறையில் துளையிட்டுச் சிமெண்டைக் கொட்டினால் கெடும். பாறையின்மேல் வெறுமனே அமர்ந்திருக்கும், வேண்டும்போது கழற்றி எடுக்கக்கூடிய மரப்பாதை எதையும் கெடுக்காது. ஏதென்ஸ் அக்ரோபொலிஸ் குன்றில் 2020-இல் மாற்றுத்திறனாளிகளுக்கான புதிய மின்தூக்கி வந்தது. அதே ஆண்டு அங்கே போடப்பட்ட கான்கிரீட் பாதைக்குக் கடும் எதிர்ப்பும் எழுந்தது. இத்தாலியின் பண்டைய நகரமான பொம்பேயியில் 2016 முதல் 3 கிலோமீட்டருக்கும் மேல் சக்கர நாற்காலி செல்லத்தக்க பாதை இருக்கிறது. ரோமானியர் காலத்துக் கரடுமுரடான கல்தெருக்களைப் பெயர்க்காமலே அதைச் செய்திருக்கிறார்கள்.

ஒவ்வோர் இடத்தின் தேவையும் வேறு. மாமல்லபுரத்து ஐந்து ரதங்களைச் சுற்றி ஏற்றம் ஏதும் இல்லை. அங்கே இடைஞ்சல் மணல். முன்சக்கரம் மணலில் புதைந்துவிட்டால் பின்னாலிருந்து தள்ளுபவர் எவ்வளவு பலசாலியானாலும் நாற்காலி நகராது. அங்கே வேண்டியது சாய்தளம் அன்று, ரதங்களைச் சுற்றிவரக் கெட்டியான ஒரு பாதை. இலங்கையின் சிகிரியா பாறைக் கோட்டையின் உச்சிக்கு யாரையும் நாற்காலியில் ஏற்ற முடியாது. ஆகவே அடிவாரத்து அருங்காட்சியகம் நன்றாக இருப்பது அங்கே இன்றியமையாதது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொதுக் கட்டடங்களை அணுகத்தக்கவையாக்க ஐந்தாண்டு கெடு விதித்தது. அந்தக் கெடு முடிந்துவிட்டது.

ஒளி-ஒலிக் காட்சி, லேசர் காட்சி இவையெல்லாம் தேவையா?
– வாசகர், சேலம்

கடைசியாகத் தேவை. முதலில் தண்ணீர், கழிப்பறை, நிழல். அடுத்து, இது என்ன இடம் என்று சொல்லும் ஒரு நல்ல பலகை. பல தலங்களில் இன்றும் நம்மை வரவேற்பது நீல நிறப் பலகைதான். சேதப்படுத்தினால் என்ன தண்டனை என்பது அதில் தெளிவாக இருக்கும், இதைக் கட்டியவர் யார் என்பதுதான் இருக்காது. 2019 அக்டோபரில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் மாமல்லபுரத்தில் சந்தித்தபோது, சாலையும் விளக்கும் புல்தரையும் எவ்வளவு விரைவாக வந்தன என்பதை ஊரே பார்த்தது. ஆகவே முடியாது என்று இனி யாரும் சொல்வதற்கில்லை.

தலைமுறையாக ஒரு புராதனச் சின்னத்தின் அருகே சிற்பமும் சங்குப் பொருள்களும் விற்று வருகிறோம். ‘சுற்றுலா மேம்பாடு’ என்ற பேச்சு எழும்போதெல்லாம் முதலில் எங்களைத்தான் அப்புறப்படுத்துகிறார்கள். எங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு ஏதும் உண்டா?
– சிறு வணிகர், செங்கல்பட்டு மாவட்டம்

உங்கள் அச்சத்துக்கு முன்னுதாரணம் இருக்கிறது. ஹம்பியில் விருபாட்சர் கோயிலின் முன்னுள்ள கடைத்தெரு மண்டபங்களில் குடியிருந்தும் கடை வைத்தும் வாழ்ந்த குடும்பங்கள் 2011 ஜூலையில் அகற்றப்பட்டன. பதினாறாம் நூற்றாண்டின் மண்டபத்தில் இரும்புக் கதவும் சிமெண்ட் சுவரும் வைப்பது தவறு என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தத் தெரு விஜயநகர காலத்திலும் கடைத்தெருவாகத்தான் இருந்தது; ஆளரவமற்ற தூண்வரிசையாக மாறிவிட்ட பிறகு அது எந்த வகையில் பழமையைக் காட்டுகிறது என்ற கேள்விக்கு இன்னும் நல்ல பதில் வரவில்லை. அதே ஹம்பியில் விட்டலர் கோயிலுக்குப் பெட்ரோல் வண்டிகளை விடாமல் பேட்டரி வண்டிகளை ஓட்டுகிறார்கள். அவற்றை ஓட்டுபவர்களில் உள்ளூர்ப் பெண்கள் பலர். சின்னத்துக்கும் நல்லது, ஊருக்கும் பிழைப்பு. கீழடியிலும் குழிகளில் மண் அள்ளியவர்களில் சுற்றுவட்டார மக்கள் பலர் இருக்கிறார்கள். எந்த அடுக்கில் எது கிடைத்தது என்பதைக் கைப்பழக்கத்தால் அறிந்த அவர்களுக்குப் பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக்குவதைவிடச் சிறந்த மேம்பாடு இருப்பதாக எமக்குத் தோன்றவில்லை.

உங்கள் கேள்விக்கு வருவோம். தெருவில், தற்காலிகக் கடையில், தள்ளுவண்டியில் விற்பவர்களுக்கு 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். உள்ளாட்சி அமைப்பு கணக்கெடுப்பை முடித்து விற்பனைச் சான்றிதழ் வழங்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக்கூடாது என்று அது சொல்கிறது. இடம் மாற்றுவதானால் 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். நகர விற்பனைக் குழுவில் உறுப்பினர்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்குக் குறையாமல் வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும் என்பதும் சட்டம். சொந்தக் கட்டடத்தில் கடை நடத்துபவர்களுக்கு இது பொருந்தாது. அவர்கள் நூறு மீட்டர் எல்லைக்குள் இருந்தால், புதிதாகக் கட்டத்தான் தடையே தவிர, பழைய கட்டடத்தைப் பழுதுபார்க்க உரிய அதிகாரியிடம் அனுமதி கேட்கலாம். உங்கள் பகுதியில் கணக்கெடுப்பு நடந்துவிட்டதா, பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்பதைப் பேரூராட்சி அல்லது நகராட்சி அலுவலகத்தில் முதலில் விசாரியுங்கள். பெயர் விடுபட்டிருந்தால், எத்தனை ஆண்டுகளாக அதே இடத்தில் விற்கிறீர்கள் என்பதற்குக் கையில் உள்ள ரசீது, பழைய அடையாள அட்டை எதுவானாலும் நகலெடுத்து இணைத்து எழுத்தில் மனுக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.